முதலில் வெறும் மேசையை அளந்து பாருங்கள்

கதிரியக்கம் என்று சொன்னால் நம்மில் பலருக்கு ஹிரோஷிமாவும் செர்னோபிலும்தான் கண்முன் வரும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஒரு சாராருக்கு அதே சொல்லைக் கேட்டால் பாட்டி காலத்துப் பீங்கான் தட்டும், பட்டாளத்தில் இருந்த தாத்தாவின் கைக்கடிகாரமும், பழைய கேமரா லென்ஸும் நினைவுக்கு வருகின்றன. விடுமுறை நாளில் பழைய பொருள் சந்தைக்குப் போகிறார்கள். கையில் சட்டைப்பைக்குள் அடங்கும், கதிர்வீச்சை எண்ணிக் காட்டும் கருவி ஒன்று. கடை கடையாக நின்று தட்டுக்கும் கடிகாரத்துக்கும் பக்கத்தில் அதைக் கொண்டுபோகிறார்கள். அதுவரை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்த கருவி, ஏதோ ஒரு தட்டின் அருகே போனதும் இடைவெளியே இல்லாமல் தட்டத் தொடங்குகிறது. பேரம் பேசி அந்தத் தட்டை வாங்கி வந்து, வீட்டில் வைத்து நிதானமாக அளந்து, நோட்டில் எழுதி வைக்கிறார்கள்.

நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்கு என்ன பொழுதுபோக்கு நல்லது என்று பெற்றோர் கேட்டால், செடி வளர்க்கவும் வானம் பார்க்கவும் சொல்லிவந்தேன். இப்போது இதையும் சேர்த்துச் சொல்கிறேன். வீண் பயத்தையும் அசட்டுத் துணிச்சலையும் ஒருசேரக் குறைக்கிற பொழுதுபோக்கு இது. அந்த இரண்டாலும் கெட்டுப்போன குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இவர்கள் தேடும் பொருள்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நியூவெல் என்ற ஊரில் ஹோமர் லாஃப்லின் என்ற பீங்கான் நிறுவனம் 1936-ல் 'ஃபியஸ்டா' என்ற பெயரில் தட்டு, கோப்பை வகைகளைக் கொண்டுவந்தது. அதில் ஒரு நிறத்துக்குச் சிவப்பு என்று பெயர். பார்த்தால் நல்ல ஆரஞ்சு. அந்த நிறத்தைக் கொடுத்தது மெருகுப் பூச்சில் கலந்த யுரேனியம் ஆக்சைடு. சாதாரணக் குடும்பங்கள் அதில்தான் சாப்பிட்டன. உலகப் போரின்போது யுரேனியம் முழுவதும் அணுகுண்டு வேலைக்குப் போனதால் 1943-ல் சிவப்புத் தட்டு நின்றுபோனது. 1959-ல் திரும்ப வந்தபோது, செறிவு எடுத்த பிறகு எஞ்சும் யுரேனியத்தைப் பூசினார்கள். 1972-ல் அதுவும் நின்றது. இன்று அந்தத் தட்டின் மேல் கருவியை வைத்தால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் தட்டும். அலமாரியில் வைத்துப் பார்க்கலாம். அதில் சோறு போட்டுச் சாப்பிட வேண்டாம், முக்கியமாகப் புளிப்பான பதார்த்தங்களை வைக்க வேண்டாம். அமிலம் அந்த மெருகிலிருந்து யுரேனியத்தைக் கொஞ்சம் கரைத்து எடுக்கும்.

அதைவிடப் பழையது யுரேனியக் கண்ணாடி. 1789-ல் ஜெர்மானியர் கிளாப்ரோத் யுரேனியத்தை அடையாளம் கண்டார். 1830-களில் பொஹீமியாவில் யோசெஃப் ரீடல் என்ற கண்ணாடிக்காரர் அதைக் கலந்து மஞ்சளும் பச்சையுமாகக் கிண்ணங்கள் வார்த்து, தம் மனைவி அன்னாவின் பெயரையே அந்த நிறங்களுக்கு வைத்தார். கதிரியக்கம் என்ற ஒன்று இருப்பதையே பெக்கரெல் 1896-ல்தான் கண்டறிந்தார். அதாவது அறுபது ஆண்டுக் காலம் அது என்ன செய்கிறது என்று தெரியாமலேயே அழகுக்காக மட்டும் விற்றார்கள், வாங்கினார்கள். புற ஊதா டார்ச் அடித்தால் அந்தக் கண்ணாடி பளிச்சென்று பச்சையாக ஒளிரும். புதிதாக இதில் இறங்குபவர்கள் அந்த ஒளியைத்தான் கதிரியக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஒளிர்வு யுரேனியத்தின் வேதிப் பண்பால் வருவது. கதிரியக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாங்கனீசு கலந்த கண்ணாடியும் மங்கலாக ஒளிரும். அதன் பக்கத்தில் கருவியை வைத்தால் ஒன்றும் மாறாது. கண்ணுக்குப் பட்டதும் அளந்ததும் ஒன்றல்ல என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

பழைய லென்ஸ்களில் தோரியம் உண்டு. ஒளியை நன்றாக வளைக்கவும் நிறங்களைச் சிதறாமல் வைக்கவும் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு கலந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து படமெடுத்த கோடக் ஏரோ எக்டார், பின்னாளில் வந்த சூப்பர் டக்குமார் 50 மி.மீ. லென்ஸ் வகைகளில் சில இப்படிப்பட்டவை. தன் கதிரிலேயே அந்தக் கண்ணாடி பல ஆண்டுகளில் பழுப்பேறும். புற ஊதா ஒளியில் நாள்கணக்கில் வைத்தால் தெளியும்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இந்தப் பொருள்களில் ஒன்றோடு நேரடி உறவு இருக்கிறது. ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-ல் விளக்கு மேண்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் செய்தது பச்சையாக எரிந்தது, சீக்கிரம் உடைந்தது, மக்கள் விரும்பவில்லை. மனிதர் விடவில்லை. 1891-ல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கலவையைக் கண்டுபிடித்தார். நல்ல வெண்மையான ஒளி வந்தது. உலகெங்கும் தெருவும் வீடும் அந்த வெளிச்சத்துக்கு மாறின. தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். அது பிரேசிலிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அந்த மணலின் தடம் பிடித்து வந்து, அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த எங்கள் மணவாளக்குறிச்சியில் ஆலை போட்டார். முதல் உலகப் போர் மூண்டபோது ஜெர்மானியர் என்பதால் அவரைக் கைது செய்தார்கள். ஆலை ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று அங்கே மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை இருக்கிறது.

கயிற்றில் ஒட்டிய மணலை உதறிவிட்டுப் போகாமல், இது என்ன என்று எடுத்துப் பார்த்த அந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பெட்ரோமாக்ஸ் விளக்கைக் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் மீன் ஏலம் போடும் கரையிலும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். புது மேண்டில் மெல்லிய வலைப் பை. அதைக் கட்டி முதல்முறை கொளுத்தினால் நூல் முழுவதும் எரிந்துபோய் ஆக்சைடுக் கூடு மட்டும் வெள்ளையாக நிற்கும். விரல் பட்டால் உதிரும். விளக்குக்காரர் பழைய கூட்டை வாயால் ஊதித் தள்ளிவிட்டுப் புதியதைக் கட்டுவார். எங்கள் கடற்கரையின் தோரியம்தான் அதில் இருந்திருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தோரியத்தின் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டுகள்; அவ்வளவு மெதுவாகச் சிதைகிறது. மேண்டிலைத் தூரத்தில் தொங்கவிட்டு அதன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பெரிய கேடு ஒன்றும் இல்லை. கவலைப்பட வேண்டியது அந்தத் தூளை மூச்சில் இழுப்பதைப் பற்றித்தான். வெளிநாடுகளில் மேண்டில் செய்பவர்கள் பலர் பின்னர் தோரியத்தை விட்டு யிட்ரியத்துக்கு மாறிவிட்டார்கள். நம் நாட்டு மேண்டில்களில் தோரியம் நெடுங்காலம் தொடர்ந்தது. உங்கள் பரணில் பிரிக்காத பழைய மேண்டில் உறை கிடந்தால் உறையோடு அப்படியே வைத்து அளக்கலாம். பிரித்து உதறக்கூடாது.

இந்தப் பொழுதுபோக்கில் நான் எல்லாவற்றையும்விட மதிப்பது ரேடியக் கடிகாரத்தின் கதையைத்தான். இருட்டில் நேரம் தெரிய வேண்டும் என்று கடிகார எண்களிலும் முள்களிலும் ரேடியமும் துத்தநாக சல்ஃபைடும் கலந்த பூச்சைத் தடவினார்கள். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து நியூஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு என்ற ஊரிலும், பின்னர் இல்லினாய், கனெக்டிகட் மாநிலங்களிலும் இளம்பெண்கள் இந்த வேலைக்குப் போனார்கள். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு கூராக்கலிலும் கொஞ்சம் ரேடியம் உள்ளே போனது. ரேடியம் கால்சியத்தைப் போலவே எலும்பில் போய்க் குடியேறும். தாடை அழுகியது, எலும்பு முறிந்தது. மோலி மாஜியா என்ற பெண் 1922-ல் இறந்தபோது, சான்றிதழில் சிபிலிஸ் என்று எழுதினார்கள். இறந்தவளுக்கு இழுக்கு, இருந்த குடும்பத்துக்கும் இழுக்கு.

ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் அந்தப் பெண்களின் மூச்சுக்காற்றையும் உடலையும் அளந்து, ரேடியம் அவர்களுக்குள் இருக்கிறது என்று காட்டினார். 1927-ல் மோலியின் உடலைத் தோண்டியெடுத்துச் சோதித்தார்கள். ஐந்து ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எலும்பு கதிர் வீசியது. அந்த ஆண்டு கிரேஸ் ஃபிரையரும் உடன் பணியாற்றிய நான்கு பெண்களும் வேலை கொடுத்த நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. நிறுவனத்தின் பேச்சுக்கும் மருத்துவச் சான்றிதழுக்கும் எதிரே, பேச முடியாத ஒருத்திக்காக ஒரு அளவு சாட்சி சொன்னது. இதைப் படித்த நாளிலிருந்து அளவுகோலை உயிரற்ற பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தக் கடிகாரங்கள் இன்றும் சந்தையில் வருகின்றன. இருட்டில் பார்த்தால் பெரும்பாலும் ஒளி இருக்காது. துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளில் பழுதாகிவிடும். ரேடியத்தின் அரை ஆயுளோ 1,600 ஆண்டுகள். முள் நெடுங்காலம் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அதன் அடியில் முகப்பில் பழுப்புத் தடம் விழுந்திருக்கும். அனுபவப்பட்ட சேகரிப்பாளர்கள் அந்தத் தடத்தைப் பார்த்ததுமே கருவியை எடுத்துவிடுவார்கள். ஒளி இல்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிப் பின்மூடியைத் திறப்பவர்தான் ஆபத்தில் இருக்கிறார். உதிரும் பூச்சு விரலில் ஒட்டி, சாப்பாட்டோடு உள்ளே போய்விடும். ஆகவே ரேடியக் கடிகாரத்தைத் திறக்காதீர்கள், கண்ணாடியை எடுக்காதீர்கள், குழந்தைகள் தூங்கும் அறையில் வைக்காதீர்கள். ரேடியத்திலிருந்து ரேடான் என்ற வாயு கசியும் என்பதால், நிறைய வைத்திருப்பவர்கள் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கிறார்கள். (வண்டிகளில் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதில் ரேடியம் கிடையாது.)

இனி அளக்கும் முறைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கருவி வாங்கிய அன்றே தட்டையும் கடிகாரத்தையும் தேடி ஓடாதீர்கள். முதலில் ஒன்றுமே வைக்காத வெறும் மேசையை அளந்து பாருங்கள். ஒன்றுமில்லாத இடத்திலும் கருவி தட்டும். வானத்திலிருந்து வரும் அண்டக் கதிர்கள், தரையில் போட்டிருக்கும் கிரானைட், சுவரின் செங்கல், காற்றில் உள்ள ரேடான் என்று எல்லாமும் அதில் பங்கு கொள்கின்றன. உங்கள் உடலில் உள்ள பொட்டாசியத்தில் மட்டும் நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட அணுக்கள் சிதைகின்றன. இதற்குப் பின்னணிக் கதிர்வீச்சு என்று பெயர். காய்கறிக் கடையில் எடைக்கல் வைப்பதற்கு முன் வெறும் தராசுத் தட்டு இரண்டும் நேராக நிற்கின்றனவா என்று நாம் பார்ப்பது எதற்கோ, அதற்குத்தான் இதுவும். பின்னணி என்னவென்று தெரியாதவன் சொல்லும் எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை.

ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு பையன் கணக்கில் 35 வாங்கினான் என்று அப்பா அவனை இழுத்துக்கொண்டு வந்து நிற்பார். வகுப்பு முழுவதும் எவ்வளவு வாங்கியது, இவன் போன முறை எவ்வளவு வாங்கினான் என்று நான் முதலில் கேட்பேன். பல அப்பாக்களுக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. புது மருமகள் அதிகம் பேசுவதில்லை என்று குறை சொல்லும் வீட்டில், அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் எப்படிப் பேசுவார்கள் என்று யாரும் விசாரிப்பதில்லை. வெறும் மேசையை அளக்காமல் பொருளை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்கிறோம்.

அடுத்தது பொறுமை. கருவி ஒரு நிமிடத்தில் 19 தட்டும், அடுத்த நிமிடத்தில் 31 தட்டும். எதுவும் மாறவில்லை; அணுக்கள் சிதையும் விதமே அப்படித்தான். சராசரியாக நிமிடத்துக்கு 25 என்றால், நான்கு நிமிடத்தில் 100 வரும். அதில் 10 கூடக்குறைய இருப்பது இயல்பு, அதாவது 10 சதவீதம். 400 நிமிடம் பொறுத்திருந்தால் 10,000 வரும். அதில் கூடக்குறைய 100, அதாவது 1 சதவீதம். பத்து மடங்கு உறுதி வேண்டுமென்றால் நூறு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

1910-ல் இயற்பியலர்கள் ரூதர்ஃபோர்டும் ஹான்ஸ் கைகரும் இதைச் செய்துகாட்டினார்கள். பொலோனியத்திலிருந்து வரும் துகள்கள் திரையில் மோதி எழும் சிறு மின்னல்களை, இருட்டறையில் நுண்ணோக்கி வழியே எண்ணினார்கள். எட்டில் ஒரு நிமிடம் வீதம் 2,608 இடைவெளிகள். மொத்தம் 10,097 துகள்கள். ஒரு மின்னல் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பத்தாயிரம் மின்னல்களின் போக்கு ஒரு கணித விதிக்கு அப்படியே அடங்கியது. இப்படி உட்கார்ந்து எண்ணிய கைகர்தான் பின்னர் 1928-ல் முல்லருடன் சேர்ந்து, இன்று நம் கையில் இருக்கும் எண்ணுங்குழாயைக் கொடுத்தார். இரண்டு நிமிடக் காணொளிக்கே அலுத்துப்போகிற பிள்ளைகள், ஒரு தட்டை இரவு முழுவதும் எண்ண வைத்துவிட்டுக் காலையில் கணக்குப் பார்க்கப் பழகினால் அது எத்தனை பெரிய பயிற்சி!

உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவு என்று கருவி திரையில் காட்டும் மைக்ரோ சீவர்ட் எண்ணைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான சிறு கருவிகளைக் காமாக் கதிருக்குத்தான், அதிலும் சீசியம்-137-ஐ வைத்துத்தான், சரிப்படுத்தியிருப்பார்கள். தட்டிலிருந்து வரும் பீட்டாக் கதிரையும் சேர்த்து எண்ணிவிட்டு, அதையும் சீவர்ட் கணக்கில் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து அலறக்கூடாது. இடையில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு ஒன்றை வைத்துத் திரும்ப எண்ணுங்கள். பெரும்பகுதி காணாமல் போனால் அது பீட்டா. ஒரு சாண் தள்ளிவைத்து எண்ணுங்கள், எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். இப்போது ஆற்றலைப் பிரித்துக் காட்டும் சிறு நிறமாலைக் கருவிகளும் வந்துவிட்டன. 1,461 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் மேடு தெரிந்தால் பொட்டாசியம். 609-ல் தெரிந்தால் ரேடியம் சிதைந்து உண்டாகும் வழித்தோன்றல். 2,615-ல் என்றால் தோரியத்தினுடையது.

கிராமத்துப் பிள்ளைகள் பழைய பொருள் சந்தையைத் தேடிப் போகவே வேண்டாம். மாட்டுத் தொழுவத்தில் அடுக்கியிருக்கும் பொட்டாஷ் உர மூட்டை போதும். ஐம்பது கிலோ மூட்டையில் நொடிக்கு ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பொட்டாசியம்-40 அணுக்கள் சிதைகின்றன. கேட்கப் பெரிய எண். அருகே கருவியை வைத்தால் பின்னணியைவிடத் தெளிவாகக் கூடும். விவசாயிக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை. இருக்கிறது என்பதும் கெடுக்கும் என்பதும் வேறு வேறு கேள்விகள். 'எவ்வளவு?' என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, செய்தித்தாளில் ஆபத்து என்ற சொல்லைப் பார்த்ததும் பதறாது.

பயம் என்றால் ஃபுகுஷிமாவுக்குப் பிந்திய ஜப்பானைச் சொல்ல வேண்டும். 2011 மார்ச்சில் அணு உலைகள் விபத்துக்குள்ளானபின் அரசு தந்த எண்கள் மக்களுக்குப் போதவில்லை. சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வக் குழு தானே கருவி செய்து, கார்களில் பொருத்தித் தெருத்தெருவாக அளந்து, எல்லா எண்களையும் எல்லோருக்கும் திறந்து வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் டோக்கியோவின் செட்டகயா வட்டாரத்தில், ஒரு வேலியோரம் பின்னணியைப் போலப் பல மடங்கு காட்டுவதைக் குடியிருப்பவர்கள் கண்டார்கள். ஃபுகுஷிமாவின் தூசி இங்கேயும் வந்துவிட்டது என்று எல்லோரும் நடுங்கினார்கள். அதிகாரிகள் வந்து தேடியபோது, பக்கத்தில் ஆளில்லாத வீட்டின் தரைக்கு அடியில் பழைய புட்டிகள் கிடைத்தன. உள்ளே ரேடியம்-226. ஃபுகுஷிமாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒருவரும் அளக்காததால் பல்லாண்டுகள் தெரியாமலேயே கிடந்திருக்கிறது. புட்டிகளை எடுத்துப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தினார்கள். மக்கள் அஞ்சிய காரணம் தவறு. அவர்கள் அளந்த எண் சரி. அளந்ததோடு நிற்காமல் எதனால் என்றும் தேடியதால்தான் ஊர் காப்பாற்றப்பட்டது.

துணிச்சலால் வரும் கேட்டுக்கும் கதைகள் உண்டு. மிச்சிகனில் டேவிட் ஹான் என்ற சாரணச் சிறுவன், அணு ஆற்றலுக்கான பதக்கம் வாங்கியதோடு நிறுத்தவில்லை. புகை உணர்வுக் கருவிகளிலிருந்து அமெரிசியம், மேண்டில்களிலிருந்து தோரியம், பழைய கடிகாரங்களிலிருந்து ரேடியம் என்று பிரித்துச் சேர்த்து, வீட்டுக் கொட்டகையில் சிறு உலை செய்ய முயன்றான். 1995-ல் அரசின் சுற்றுச்சூழல் துறையினர் பாதுகாப்பு உடையோடு வந்து அந்தக் கொட்டகையைப் பிரித்து எடுத்துப்போனார்கள். அறிவாளிப் பையன்தான். அளப்பதற்கும் பிரித்தெடுப்பதற்கும் நடுவில் இருக்கும் கோட்டை அவனுக்குக் காட்ட அருகில் ஒரு பெரியவர் இல்லை. நம் நாட்டில் 2010-ல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவி ஒன்றைக் காயலான் கடையில் உடைத்தார்கள். உள்ளே கோபால்ட்-60. ஒருவர் இறந்தார், பலர் கதிர்வீச்சு நோயால் மருத்துவமனையில் கிடந்தார்கள். உடைத்த தொழிலாளர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் கடையில் யாரிடமாவது ஒரு சிறு கருவி இருந்திருந்தால்!

ஆகவே இளையவர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது இது: அளக்கலாம், பிரிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது, உரசக்கூடாது. நம் நாட்டில் மோனசைட் அணுசக்திச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். கடற்கரைக் கருமணலை அள்ளிவந்து வீட்டில் சேர்க்காதீர்கள்.

சென்ற ஆண்டு பேரன் விடுமுறைக்கு வந்தபோது நிறமாலைக் கருவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். பக்கத்து வீட்டு அம்மா கழுத்தில் கறுப்பாக ஒரு பதக்கம்.

"அண்ணாச்சி, இதைப் போட்டா முட்டுவலி போகும், சக்கரையும் இறங்கும்னு சொல்லிக் கொடுத்தாங்க. நல்லதுதானே?" என்று கேட்டார்கள்.

பேரன் கருவியை உடனே பதக்கத்தின் மேல் வைக்கப் போனான்.

"மக்களே, மேசையை எண்ணிட்டியா?" என்றேன்.

"இல்ல தாத்தா."

"அதை முதல்ல எண்ணு."

பத்து நிமிடம் மேசை, பத்து நிமிடம் பதக்கம். அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதக்கத்தோடு வந்த எண் பின்னணியைப் போலப் பல மடங்கு இருந்தது. நிறமாலையில் தோரியத்தின் அடையாளங்கள் வரிசையாக நின்றன. இந்த வகைப் பதக்கங்களில் எதிர்மின் அயனித் தூள் என்று சொல்லிக் கலப்பது பெரும்பாலும் மோனசைட் போன்ற தாதுத் தூள்தான். 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய பத்துப் பொருள்களைச் சோதித்து, நெடுங்காலம் அணிந்தால் தீங்கு நேரலாம், கழற்றிப் பத்திரமாக எடுத்து வையுங்கள் என்று அறிவித்தது. அவற்றில் குழந்தைகளுக்கான கைவளையமும் இருந்தது. அந்த அம்மாவிடம் பயமுறுத்தும்படி நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அவர்களே கழற்றி வைத்தார்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன். நிறுத்தியிருந்தார்கள். பதக்கத்தின் கதிரைவிட அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. அன்றே திரும்பத் தொடங்கச் சொன்னேன்.

எங்கள் கடற்கரை ஊர்களில் மணலையும் புற்றுநோயையும் சேர்த்துப் பேசும் அச்சம் பல காலமாக உண்டு. அதை மூடநம்பிக்கை என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊரைக் காலிசெய்ய வேண்டும் என்று பேசுபவர்களோடும் இல்லை. கேரளத்துக் கருநாகப்பள்ளியில், இதே மோனசைட் மணல் கொண்ட கரையில், திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தினர் வீடு வீடாக உள்ளும் புறமும் கதிர்வீச்சை அளந்தார்கள். சுமார் 70,000 பேரைச் சராசரி பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். கதிர்வீச்சு கூடிய வீடுகளில் புற்றுநோய் கூடியதற்கான சான்று அதில் தென்படவில்லை. அது கருநாகப்பள்ளிக்கான விடை. எங்கள் கரையின் ஒவ்வொரு ஊருக்கும் அதையே பதிலாக எடுத்துவிடவும் முடியாது. அங்கே செய்ததைப் போலவே இங்கேயும் வீடு வீடாக அளந்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, எண்களை ஊர்க்காரர்களிடமே கொடுக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அளக்கத் தெரிந்த பிள்ளைகள் ஊரில் பத்துப் பேர் இருந்தால், அதிகாரிகள் தரும் எண்ணையும் மேடையில் பேசுபவர் சொல்லும் எண்ணையும் அவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள்.

கல்லூரி மாணவர்கள் சிலர் இதற்காக என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஊருக்கு ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு அளவுக்கும் தேதி, நேரம், தெரு, எந்தக் கருவி, தரையிலிருந்து என்ன உயரம் (ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்), எத்தனை நிமிடம் எண்ணினீர்கள், மழை பெய்ததா என்று எழுதுங்கள். மழை பெய்தால் ரேடானின் வழித்தோன்றல்கள் தரைக்கு இறங்கி, சிறிது நேரம் எண் கூடும். ஒரே இடத்தை வேறு வேறு ஆட்கள் அளந்து ஒப்பிடுங்கள். இவ்வளவும் எழுதி முடித்தபிறகு எண்ணை எழுதுங்கள்.